முன்சக்கரம் நிற்கும் இடம்

மறுபடியும் அதே இடத்தில்தான் வந்து நிற்கிறது சக்கரம். வீட்டுக்காரர் சுற்றிவிடுகிறார், சத்தமில்லாமல் சுற்றுகிறது, வேகம் குறைகிறது, நின்றுவிட்டது என்று நினைக்கும்போது கொஞ்சம் பின்னால் வந்து, முன்னால் போய், சாக்பீஸ் கோடு கீழே வந்ததும் அடங்கிவிடுகிறது. "எட்டாவது தடவ புள்ள," என்கிறார் வாசலிலிருந்து. "எட்டுக்கும் ஒரே எடம்." அவர் குரலில் இப்படி ஒரு சந்தோஷத்தைக் கேட்டுப் பன்னிரண்டு நாள் ஆகிறது. நான் சமையலறைப் படியில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறேன், பஜ்ஜிக்கு, நாலு மணிக்கு டயர்க்கடைக் கலீல் பாய் வருகிறார். இத்தனை வெங்காயம் உரித்தும் விரலில் அந்த வாசனை போகவில்லை. எம்சீல் வாசனை. சோப்புப் போட்டாயிற்று, பாத்திரப் பவுடர் போட்டாயிற்று. பாப்பாவுக்குப் பால் கொடுக்கும்போது அவள் என் கையை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இல்லை, அவளுக்குத் தூக்கம், அவ்வளவுதான், எட்டு மாதக் குழந்தைக்கு என்ன தெரியும். சிங்க் ஒழுகியபோது வாங்கியதில் பாதி மிச்சமிருந்தது. கறுப்பு ஒரு துண்டு, வெள்ளை ஒரு துண்டு, இரண்டையும் சேர்த்துச் சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்தேன், சாம்பல் நிறம் வரும்வரைக்கும். ஒரு நெல்லிக்காய் அளவு. சக்கரத்தின் உள்பக்கம், இரண்டு கம்பிகள் ரிம்மில் இறங்கும் இடத்தில், பழைய கிரீஸ் கறுப்பாகப் படிந்திருந்த மூலையில் வைத்து அமுக்கினேன், அந்தக் கிரீஸையே வழித்து மேலே பூசினேன். பாக்கெட்டில் எழுதியிருந்ததை ஒட்டிய பிறகுதான் படித்தேன். ஒட்டும் இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைக்க வேண்டுமாம். ஒன்றரை மணி நேரத்தில் இறுகுமாம். ஒட்டியது மூன்று மணிக்கு. இப்போது மூன்றரை.

வரிசையாகச் சொல்ல வேண்டும், மனசுக்குள் என்றாலும். பொய் சொல்கிற பெண் கதையை நடுவிலிருந்து ஆரம்பிப்பாள் என்று பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் பெனடிக்டா சொல்வார்கள், கையிலிருக்கும் ஸ்கேலால் மேஜையைத் தட்டிக்கொண்டே, ஃப்ரம் தி பிகினிங், ஷர்மிளா. ஆரம்பம் என்றால் செவ்வாய்க்கிழமை. பாப்பாவுக்குக் காய்ச்சல், காலை ஏழரை மணி, மெயின் ரோட்டு ஆஸ்பத்திரிக்கு வண்டியில் போகிறோம், அவர் ஓட்டுகிறார், நான் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து பாப்பாவை மடியில் வைத்திருக்கிறேன், மேம்பாலத்துக்குக் கீழே திரும்பும் இடத்தில் வண்டி சாய்ந்தது. வேகமே இல்லை. அவருக்கு உள்ளங்கை கிழிந்தது, எனக்கு முட்டியும் முழங்கையும், பாப்பாவுக்கு இடது புருவத்துக்கு மேல் மூன்று தையல். போய்க்கொண்டிருந்த ஆஸ்பத்திரியிலேயே போட்டார்கள். இரண்டு நாள் வாந்தி எடுக்கிறாளா பாருங்கள் என்றார் டாக்டர், நான் பன்னிரண்டு நாளாகப் பார்க்கிறேன், தொட்டிலில் மூச்சு ஏறி இறங்குகிறதா என்று பார்க்கிறேன், இதோ இப்போதும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், ஏறி இறங்குகிறது. "ஹேண்டில் ஆடுச்சு," என்றார் அவர், டாக்டரிடம், நர்ஸிடம், பக்கத்து வீட்டில், எல்லாரிடமும். "கையில தெரிஞ்சுது. முன்னால டயரு புதுசு, ரெண்டு நாள்தான் ஆச்சு, சக்கரம் ஒரு பக்கம் கனமா இருந்தா அப்படித்தான் ஆடும்." டயரை மாட்டியது கலீல் பாய். அன்றைக்குச் சாயங்காலமே கட்டுப் போட்ட கையோடு பாய் கடைக்குப் போய், நாலு பேர் நிற்கும்போது, "என்ற புள்ளயக் கொல்லப் பாத்துட்டீங்களே பாய்," என்று கேட்டுவிட்டார். பாய் கையிலிருந்த நெம்புகோலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாராம், "என்ற கை மாட்டுன டயரு ஆடாது தம்பி. ஆடுதுன்னு நீ காட்டு, நாளைக்கே ஷட்டர எறக்கிட்டுப் போயிடறேன்." காட்டுகிறேன் என்று வந்தவர்தான். அப்படித்தான் இந்த ஸ்டாண்ட் வந்தது எங்கள் வாசலுக்கு.

பழைய கட்டில் சட்டத்தை அறுத்து அடிக்கட்டை, அதன்மேல் நட்டமாக இரண்டு இரும்பு ஆங்கிள், ஒவ்வொன்றின் தலையிலும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்னப் பேரிங். சக்கரத்துக்குள் விட்ட கம்பி அந்தப் பேரிங்குகளுக்கு நடுவில் விழும் பள்ளத்தில் உட்காரும். கம்பியை, தான் வேலை பார்க்கும் பட்டறை லேத்தில் அவரே கடைந்தார், சக்கரம் நடுவில் நிற்க இரண்டு பக்கமும் கூம்பு மாதிரி இரண்டு பித்தளைத் துண்டும் கடைந்தார். என்னவென்று கேட்டபோது எனக்கு விளக்கினார், பேனா இல்லாமல், தரையில் தண்ணீர் தொட்டு வரைந்து. கனமான பக்கம் தானாகக் கீழே வரும், எதிர்ப்பக்கத்து ஆரக்கம்பியில் ஈயக்கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்ற வேண்டும், எங்கே நிறுத்தினாலும் அங்கேயே நின்றால் சக்கரம் சரி. எனக்கு அது பதினோராம் வகுப்பில் மொமன்ட் என்ற பெயரில் வந்தது, தொண்ணூற்றிரண்டு மார்க் வாங்கினேன், இவர் ஒன்பதாவதோடு நின்றவர், அந்த நிமிஷம் கூட எனக்கு அதுதான் தோன்றியது. போன ஞாயிற்றுக்கிழமை முதல் தடவையாகச் சக்கரத்தை ஏற்றினார். எங்கே நிறுத்தினாரோ அங்கே நின்றது. வால்வு மேலே என்றால் மேலே, பக்கவாட்டில் என்றால் பக்கவாட்டில், சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை மாதிரி. "ஸ்டாண்டு பொய் சொல்லுது," என்றார். கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி வந்து வைத்துச் சாய்வு இருக்கிறதா என்று பார்த்தார், ஒரு காலுக்கடியில் தகடு சொருகினார். நின்றது. பேரிங்கில் கிரீஸ் இருப்பதால் இழுத்துப் பிடிக்கிறது என்று மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவினார், ஊதினால் சுற்றும் அளவுக்கு. நின்றது. கம்பி கோணலோ என்று வேறு கம்பி கடைந்தார். நின்றது. அந்த ஸ்டாண்ட் பொய் சொல்லவில்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான். முன்சக்கரம் இல்லாமல், எஞ்சினுக்கடியில் செங்கல் முட்டுக் கொடுத்து வண்டி நின்றது. அதைத் தாண்டித்தான் தண்ணீர் பிடிக்கப் போக வேண்டும், ஒவ்வொரு குடத்துக்கும் அதைத் தாண்டினேன்.

வண்டியைச் சாய்த்தது நான். சொல்லியாயிற்று. மேம்பாலத்துக்குக் கீழே வேகம் குறைந்தபோது பக்கத்தில் ஒரு வெள்ளைக் கார், ஜன்னல் இறங்கியிருந்தது, உள்ளே ரோஷ்ணி. என் பெஞ்சில் இரண்டாவதாக உட்கார்ந்த ரோஷ்ணி. ஷர்மி என்று கூப்பிட்டாளா, அது ஹாரனா, எத்தனையோ தடவை அந்தச் சத்தத்தை ஓட்டிப் பார்த்துவிட்டேன், ஒருநாள் பெயராக இருக்கிறது, ஒருநாள் ஹாரனாக. நான் உடம்போடு வெடுக்கென்று மறுபக்கம் திரும்பினேன், துப்பட்டாவை முகத்துக்கு இழுத்தேன், இழுக்கும்போது ஒரு கையைப் பாப்பாவிடமிருந்து எடுத்தேன். ஹேண்டில் ஆடியது. அவர் சொன்னது சரி, ஆடத்தான் செய்தது. நைட்டியில் இருந்தேன், அதனால்தான், காலையில் குழந்தை உடம்பு அப்படிக் கொதித்தபோது யார் புடவை கட்டிக்கொண்டு நிற்பார்கள், நைட்டிக்கு மேல் ஒரு துப்பட்டா, இந்தத் தெருவில் எல்லாரும் அப்படித்தான் பால் வாங்கப் போகிறார்கள், ஆனால் ரோஷ்ணி பார்க்கும்போது, ரோஜாப்பூப் போட்ட நைட்டியில், தலை வாராமல். இல்லை. நைட்டி மட்டும் இல்லை. நைட்டி இல்லவே இல்லை. ரோஷ்ணி முகத்தைப் பார்த்த அந்த நொடியில் நான் என் உடம்பைக் குனிந்து பார்க்கவில்லை, எனக்கு முன்னால் இருந்த முதுகைப் பார்த்தேன். பட்டறை நீலச் சட்டை, துவைத்தாலும் போகாத எண்ணெய்க் கறை, காலரில் கிழிசல், பிரேக்கின்மேல் வைத்திருந்த செருப்புக்குள் வெடித்த குதிகால். இவர் என் வீட்டுக்காரர் என்று அவளுக்குத் தெரியக் கூடாது. ஆட்டோக்காரர் மாதிரி, யாரோ வண்டியில் இடம் கொடுத்தவர் மாதிரி. அப்பா அம்மா இரண்டு பேரையும் எதிர்த்து இவரோடு வந்தவள் நான், இவருக்காக ஒரு வருஷம் வீட்டில் சாப்பிடாமல் கிடந்தவள், அதே நான்தான் கண் மூடித் திறக்கும் நேரத்தில் அவரை யாரோ ஆக்கப் பார்த்தேன், அதற்கு என் குழந்தையின் நெற்றியைக் கொடுத்தேன்.

சரி, அதைச் சொல்லியிருக்கலாம் அன்றைக்கே. ரோட்டில் ரத்தம் பார்த்தபோது வாய் வரவில்லை, ஆஸ்பத்திரியில் அவர் ஹேண்டில் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார், எனக்கு முன்னால் ஒரு காரணம் தயாராக நின்றது, அதற்குள் புகுந்துகொண்டேன். பிறகு ஒவ்வொரு நாளும் அது பெரிதாகிக்கொண்டே போனது. நேற்று அவர் ஸ்டாண்டுக்கு முன்னால் குத்துக்காலிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "ஸ்டாண்டு சரிதான் புள்ள," என்றார். "சக்கரமும் சரிதான். அப்ப நாந்தான் போட்டுட்டேன் அவள." இன்று காலை பாய்க்குப் போன் போட்டு, தப்பு என்மேல், நாலு மணிக்கு வாங்க என்றார். குழந்தையை அவர் தூக்கிப் பன்னிரண்டு நாள் ஆகிறது. கையில் கட்டு இருக்கிறது என்றார் முதலில். கட்டுப் பிரித்த பிறகும், பாப்பா அவரைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினால், "அம்மாகிட்டப் போ கண்ணு, அப்பா கை சரியில்ல," என்று பின்னால் நகர்ந்துகொள்கிறார். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. அவர் வாழைக்காய் வாங்கக் கடைக்குப் போன பத்து நிமிஷத்தில் எம்சீலைப் பிசைந்தேன், பாய் வருவதற்குள் எப்படியும் இன்னொரு தடவை சுற்றிப் பார்ப்பார் என்று தெரியும். ஒரு தப்பை அவர் கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்றுதான், நிம்மதியாகத் தூங்கட்டும் என்றுதான், பாய் முகம் அப்போது என் நினைவில் வரவே இல்லை. நிஜமாகவா வரவில்லை? பள்ளிக்கூடத்தில் ஒரு மரக்கட்டை இருந்தது, கயிறு கோத்தது, தமிழ் பேசினவள் கழுத்தில் மாட்டுவார்கள். அடுத்தவள் தமிழ் பேசும்போது பிடித்துவிட்டால் அவள் கழுத்துக்கு அதை மாற்றிவிடலாம், கடைசி மணி அடிக்கும்போது யார் கழுத்தில் இருக்கிறதோ அவள் முட்டி போட வேண்டும். ஒருநாள் கடைசிப் பீரியடில் அது என்னிடம் இருந்தது. நான் டெஸ்க்குக்கு அடியில் கைவிட்டுப் பக்கத்திலிருந்த எமல்டாவின் தொடையைக் கிள்ளினேன், பலமாக. ஐயோ அம்மா என்றாள். வலிக்கும்போது யாருக்கு இங்கிலீஷ் வரும். எழுந்து நின்று மிஸ்ஸிடம் சொல்லிவிட்டுக் கட்டையை அவள் கழுத்தில் மாட்டினேன், நான் கிள்ளினேன் என்று அவள் காட்டிக்கொடுக்கவில்லை.

இன்னொன்று இருக்கிறது, அதை நினைத்ததும் வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டேன். அவர் எதிர்ப்பக்கத்தில் ஈயக்கம்பி சுற்றுவார். சக்கரம் சரியாகிவிடும், என் உருண்டை அங்கே இருக்கும்வரைக்கும். கிரீஸுக்கு மேல் ஒட்டியது எத்தனை நாள் நிற்கும், ஒரு மழை, ஒரு பள்ளம், உதிர்ந்துவிடும், அப்போது அவர் சுற்றிய ஈயம் மட்டும் ஒரு பக்கமாகக் கனக்கும், இதுவரைக்கும் ஆடாத சக்கரம் அப்போது நிஜமாகவே ஆடும். அடுத்த மாதம் ஒன்பதாம் மாதத் தடுப்பூசி. அதே வண்டி, அதே வளைவு, என் மடியில் பாப்பா, என் ஆதிரை. தொண்ணூற்றிரண்டு மார்க் வாங்கின பிசிக்ஸ் ஒட்டும்போது எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை. இப்போதே சுரண்டி எடுத்துவிடலாம், ஆனால் அவர் சக்கரத்தை விட்டு நகர மாட்டேன் என்கிறார். "ஏங்க, கொஞ்சம் கடலை மாவு பத்தாதுங்க," என்றேன். "இருக்கறத வெச்சுப் போடு புள்ள," என்றார் திரும்பாமலே, "இந்தச் சக்கரத்தப் பாரு, என்னமா எறங்குது." அவர் காது மடல் சிவந்திருந்தது சந்தோஷத்தில். ஒன்பதாவது தடவை சுற்றினார்.

பாய் நாலுக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டார், ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டுக்கொண்டு, பாப்பாவுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு. செருப்பை வெளியில் விட்டார். "வாங்க பாய்," என்றேன், அதற்குமேல் நிமிர்ந்து பார்க்கவில்லை. இவர் எழுந்து நின்று, "பாய், காலைல போன்ல சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன்," என்றார். "நீங்களே பாருங்க." பாய் ஸ்டாண்டை முதலில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், பேரிங்கை விரலால் ஓடவிட்டார். "நல்லா பண்ணியிருக்கே தண்டபாணி. என்ற கடைக்கே ஒண்ணு பண்ணிக் குடு." பிறகு உட்கார்ந்து சக்கரத்தைச் சுற்றினார். கோடு கீழே வந்தது. வேறு இடத்தில் நிறுத்திக் கையை எடுத்தார், வந்தது. மூன்றாவது தடவையும் வந்தபோது அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை, காதுக்குப் பின்னால் மட்டும் வியர்வை இறங்கியது. நான் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைக்காமல் வாழைக்காய் நறுக்கிய தட்டை வைத்துக்கொண்டு நிற்கிறேன். பாய் கண்ணை மூடிக்கொண்டு கட்டை விரலை ரிம்மின் உள்பக்கம் ஓட்டுகிறார், டயருக்குள் ஆணி தேடுகிறவர்கள் ஓட்டுவது போல, ஒவ்வொரு கம்பியாக, மெதுவாக. நிற்கிறது விரல். அமுங்குகிறது, இங்கிருந்தே எனக்குத் தெரிகிறது, இன்னும் முழுசாக இறுகவில்லை. விரலை எடுத்துப் பார்க்கிறார். மூக்கருகே கொண்டுபோகிறார். இவர் அந்தப் பக்கம் ஈயக்கம்பியை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார், பார்க்கவில்லை. பாய் நிமிர்ந்து என்னைப் பார்க்கிறார். கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் நான் உள்ளே போயிருப்பேன். கட்டை விரலைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு எழுந்திருக்கிறார். "சரி தம்பி. என்ற கைத் தப்புத்தான். மாட்டும்போது கவனிக்கல. நாளைக்குச் சக்கரத்தக் கடைக்குக் கொண்டா, நானே கழட்டி, சுத்தம் பண்ணி, சரி பண்ணித் தர்றேன், நீ ஈயமெல்லாம் சுத்தாத." சுத்தம் பண்ணி என்பதை எனக்காகச் சொல்கிறார். ஜெயித்துவிட்ட இவருக்குத்தான் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. "அட விடுங்க பாய், நானும் அன்னைக்கு அதிகமாப் பேசிட்டேன். ஷட்டரெல்லாம் எறக்கிறாதீங்க, அப்புறம் நம்ம கணபதி ஏரியால பாதிப் பேரு வண்டியத் தள்ளிட்டுத்தான் போகோணும்." எல்லாம் முடிந்துவிட்டது. உருண்டை போய்விடும், சக்கரம் ஆடாது, இவர் தூங்குவார், பாய் யாரிடமும் சொல்ல மாட்டார். நான் பேசாமல் இருந்தால் போதும். பஜ்ஜி போட்டால் போதும். பாய் தொட்டிலுக்குப் பக்கத்தில் போய்க் குனிகிறார், பாப்பா விழித்துக்கொண்டு அவரைப் பார்த்துச் சிரிக்கிறாள், புருவத்துக்கு மேல் அந்தச் சிவப்புக் கோட்டைத் தொடாமல் விரலை அதன் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "தாத்தா தப்புப் பண்ணிட்டேன் கண்ணு," என்கிறார் அவளிடம். "மனசுல வெச்சுக்காத." என்னை ஏமாற்றுவதற்காக அல்ல, இவரை நம்பவைப்பதற்காகவும் அல்ல. செய்யாததற்கு நிஜமாகவே மன்னிப்புக் கேட்கிறார்.

"நான்தான்," என்றேன். தட்டு கையில் இருக்கிறது, கீழே வைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. இவர் திரும்பி, "என்ன நீ?" என்றார். "ரிம்முல ஒட்டினது நான்தான். எம்சீல். நீங்க கடைக்குப் போனப்ப. பாய் மேல தப்பில்லைங்க." இவர் சக்கரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், பாய் தரையைப் பார்த்தார். குனிந்து கையை உள்ளே விட்டுத் தடவி அந்த உருண்டையைப் பிடுங்கினார், லேசாக வந்துவிட்டது, ஒரு துளி பலம் கூட இல்லாமல். சக்கரத்தைச் சுற்றினார். எங்கேயோ நின்றது. "எதுக்குப் புள்ள?" என்றார். "நீங்க உங்க மேலயே பழியப் போட்டுக்கிட்டீங்க. வண்டியச் சாய்ச்சது நீங்க இல்லைங்க. நான் திரும்பினேன். பின்னால நான் வெடுக்குனு திரும்பினேன், அதுலதான் ஹேண்டில் ஆடுச்சு." அவர் உருண்டையைக் கையில் உருட்டிக்கொண்டே நிற்கிறார். "பன்னண்டு நாளு," என்கிறார். "ஒரு வாரமா ஸ்டாண்டுமேல சந்தேகப்பட்டனே." கத்தப்போகிறார் என்று நினைத்தேன், கத்தட்டும், கத்தினால் நல்லது. அவர் கேட்டது வேறு. "எதுக்குத் திரும்புன?" அவ்வளவுதான் கேட்டார், மெதுவாக, தெரிந்துகொள்வதற்காக, ஒரு பேரிங் ஏன் சத்தம் போடுகிறது என்று கேட்பது போல. வாசலில் மூன்று பேரும் நிற்கிறோம், அவர் அதே நீலச் சட்டையைத்தான் போட்டிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமையும் அதையேதான், காலரில் அந்தக் கிழிசல், அதை நான் ஒருநாள் கூடத் தைத்துக் கொடுக்கவில்லை. சொல்லிவிடலாம். இவ்வளவு சொன்னவளுக்கு இன்னும் நாலு வார்த்தை. வாய் திறந்தது, நான் திறக்கச் சொன்னது மாதிரியே இல்லை. "நைட்டில இருந்தேன்ல," என்றேன். "கூடப் படிச்சவ ஒருத்தி பக்கத்துல கார்ல வந்தா. வெக்கமாப் போச்சுங்க."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவர் தோள் இரண்டும் இறங்கின, முகம் முழுக்க இளகி, சிரித்தார். "இதுக்கா," என்றார். "பாருங்க பாய், இதுக்காம்." பாய் சிரிக்கவில்லை, நான் வைத்திருந்த தட்டை என் கையிலிருந்து வாங்கி வாசல் திண்டின்மேல் வைத்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணி குடும்மா என்றார். இவர் சட்டையிலேயே கையைத் துடைத்துக்கொண்டு தொட்டிலுக்குப் போனார். பாப்பா கையை நீட்டுவதற்கு முன்னாலேயே குனிந்து தூக்கிவிட்டார், பன்னிரண்டு நாளுக்கும் சேர்த்துத் தோளில் போட்டுக்கொண்டு அவள் முதுகைத் தட்டினார், அவள் அவர் கழுத்தில் எச்சிலைத் தடவினாள். "அழாத புள்ள," என்றார் என்னிடம், நான் அழுதுகொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. "இனிமே என்ன அவசரம்னாலும் சொல்லு, ரெண்டு நிமிசம் நிக்கறேன். நல்ல சீலையாக் கட்டிக்கிட்டு வா. அப்புறம் யாரு கார்ல வந்தா நமக்கென்ன, நானும் கையாட்டறேன் உன்ற ஃப்ரெண்டுக்கு."

சரிங்க என்றேன்.